அஞ்சல்துறை அதிகாரி எழுதிய சினிமா வரலாறு

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. தமிழ் நாடகம், சினிமா, இசைத்தட்டு ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. திரைப்பட வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரனைப் போன்றவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அதை நம்ப வேண்டாம். இந்தத் துறையில் பெயர் பெற்றவர்களைப் பாருங்கள். ராண்டார் கை சட்டம் படித்து வக்கீலாகத் தொடங்கியவர். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து, 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து மக்கள் தொடர்பாளர் ஆனவர். கார்த்திகேசு சிவத்தம்பி இலங்கையில் பல்கலைக்கழகப் பேராசிரியர். பாஸ்கரன் அஞ்சல்துறை அதிகாரி. ஒவ்வொருவருக்கும் வேறொரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. அந்த வேறு வேலை, எழுத்துக்கு நல்லதே செய்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. நான் அரசுக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பழைய பாட்டுப் புத்தகங்களை முப்பது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வருகிறேன். இவர்கள் எழுதியதை அந்தக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் படித்த பழக்கத்தில் இதைச் சொல்கிறேன்.

பாஸ்கரன் 1940-ல் தாராபுரத்தில் பிறந்தவர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்தார். 1964-ல் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்து, 1998-ல் தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். இடையே 1981-ல் க்ரியா வெளியீடாக அவருடைய 'தி மெசேஜ் பேரர்ஸ்' வந்தது. 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் நாடகமும் பாட்டும் சினிமாவும் தேசிய அரசியலைச் சுமந்து சென்ற விதத்தைச் சொல்லும் ஆங்கில நூல் அது. தமிழ் சினிமாவை வரலாற்றாய்வுக்குரிய பொருளாக நிறுத்திய முன்னோடி நூல் என்று அதைத் தயங்காமல் சொல்வேன்.

அதற்கு முன்பு சினிமாவைப் பற்றி எழுத்து இல்லாமல் இல்லை. நடிகர்களின் நினைவுகள் இருந்தன, பத்திரிகைத் துணுக்குகள் இருந்தன, ரசிகர்களின் புகழுரைகளுக்கும் பஞ்சமில்லை. பாஸ்கரன் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. யார் நடித்தார், படம் எத்தனை நாள் ஓடியது என்று அவர் தொடங்கவில்லை. படிக்கத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ், சாதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்ன நடந்தது, ஆட்சியாளர்கள் ஏன் அதைக் கண்டு பயந்தார்கள் என்று கேட்டார். பயந்தவர்கள் குறிப்பு எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்புகள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆட்சேபத்துக்குரிய நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. நாடகக்காரர்கள் அதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கதை புராணக் கதை, 'வள்ளி திருமணம்' போன்ற எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுதி வைத்த நாடகத்தில் ஆட்சேபிக்க எதுவும் இருக்காது. ஆனால் தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளி, 'கொக்குப் பறக்குதடி' என்று பாடினால் கொட்டகை முழுவதும் அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று புரிந்துகொண்டது. ஸ்பெஷல் நாடகத்தில் நாயக வேடக்காரரான ராஜபார்ட்டும் நாயகி வேடக்காரரான ஸ்திரீபார்ட்டும் கோமாளியான பபூனும் ஹார்மோனியக்காரரும் அன்றைய இரவுதான் மேடையில் ஒன்று சேருவார்கள், ஒத்திகை கிடையாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று போலீசுக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஆள் அனுப்பிக் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. தடை செய்த பாட்டுப் புத்தகங்களின் பிரதியையும் கோப்பில் வைக்க வேண்டியிருந்தது. ஒடுக்க நினைத்தவர்களே பாதுகாத்தும் வைத்துவிட்டார்கள். நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் மேடையில் பாடிவிட்டு எத்தனையோ முறை சிறைக்குப் போனார். 1940-ஆம் ஆண்டின் கடைசி இரவில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். அவரைப் போன்றவர்களின் வாழ்க்கையை எழுத இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி போலீஸ் எழுதியது.

ஓர் அரசு அதிகாரிக்கு இந்தக் கோப்புகளைப் படிப்பது எளிது என்பது என் எண்ணம். எந்தத் துறை எந்தத் துறைக்கு எழுதுகிறது, ரகசியம் என்று மேலே குறித்திருந்தால் அது யார் மேசை வரை போகும், கீழ்நிலை அதிகாரி எழுதிய பத்திக்கு மேலதிகாரி ஓரத்தில் எழுதும் ஒற்றை வரிக்கு என்ன கனம் என்பதெல்லாம் தினமும் கோப்பு பார்ப்பவருக்குத் தானாகத் தெரியும். பல்கலைக்கழகத்தில் இதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. பாஸ்கரனின் பகல் வேலை அவருடைய இன்னொரு வேலைக்கு உரமாக இருந்தது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 1939-ல் கே. சுப்பிரமணியம் 'தியாகபூமி' எடுத்தார். கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் காட்சிகளே அதற்குப் படங்களாக அச்சாயின. பாபநாசம் சிவன் நடித்தார், டி.கே. பட்டம்மாள் பாடினார். வெளிப்படையாகக் காங்கிரஸ் சார்ந்த இந்தப் படம் தணிக்கையைத் தாண்டி எப்படி வெளிவந்தது? பின்னர் ஏன் தடை செய்யப்பட்டது? படத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது. 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது, தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. போர் தொடங்கி அமைச்சரவை விலகியதும் பிடி மறுபடி இறுகியது. அந்த இரண்டு வருட இடைவெளியில்தான் துணிச்சலான படங்கள் பிறந்தன. நாட்காட்டியையும் அரசாணையையும் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணுக்குத் தெரிகிறது.

பார்க்கப் படமே இல்லாதபோது என்ன செய்வது? நம் சினிமா வரலாற்றின் பெரிய துயரம் இது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் என்று எல்லோரும் எழுதுகிறோம். அதில் ஓர் அடி ஃபிலிம்கூட இன்று இல்லை. அது வந்த ஆண்டை ஒருவர் 1916 என்கிறார், இன்னொருவர் 1917, வேறொருவர் 1918. தென்னகத்தில் எடுத்த மௌனப் படங்களில் முழுநீளக் கதைப்படமாக எஞ்சி நிற்பது திருவிதாங்கூரில் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா'. அதுவும் பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் புத்தக நிறுவனம் ஒன்றின் வசம் கிடந்ததால் தப்பியது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம். அதன் பிரதியும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் தூளாகும். அதில் இருந்த வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கியது 1964-ல்தான். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன.

'காளிதாஸ்' பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் காகிதத்திலிருந்து தெரிவது. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பேசினார். கதைக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல் காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வந்தது, எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இவற்றைச் சொல்வது பாட்டுப் புத்தகமும் பத்திரிகையும்தான். பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அவருடைய பேரன் முருகபூபதி அதை நூலாக்கினார். யார் வந்தார்கள், எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று நாள்தோறும் எழுதிய அந்த வரிகளில் ஒரு நாடகப் பாடலாசிரியரின் பிழைப்பு முழுவதும் கிடைக்கிறது. பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறிய அதைவிட நேரான சான்று நமக்கு வாய்த்ததில்லை.

என்னிடம் உள்ள ஒரு நாடகப் பாட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அட்டை போய்விட்டது. தைத்த கம்பி துருப்பிடித்து நடுத்தாள் முழுவதும் செம்மண் நிறம். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறது. அதற்கும் மேலே, எல்லோருக்கும் தெரிந்த வேறொரு பாட்டின் முதலடியைப் போட்டு, அந்த மெட்டு என்று குறித்திருக்கிறது. யாரோ ஒருவர் அதை நாடகத்துக்கே எடுத்துப் போயிருக்கிறார். மூன்றாவது பாட்டின் ஓரத்தில் பென்சிலால் 'ஒன்ஸ்மோர்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். இரண்டு முறை திரும்பப் பாட வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பாட்டு கதர் பற்றியது. எந்த ஊர், எந்தக் கொட்டகை, எந்த வருடம் என்று எதுவும் அதில் இல்லை. ஆனாலும் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் போலீசுக்காக அல்லாமல் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு அது. ஆவணக்காப்பகத்தின் நூறு பக்கக் கோப்பில் கிடைக்காத ஒரு செய்தி அந்தப் பென்சில் கோட்டில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கை கொஞ்சம் நடுங்கும்.

சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். நடிகர் பட்டியல், பாட்டு, கதைச் சுருக்கம், முடிவில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. அந்த வெள்ளித்திரை இன்று இல்லை, சுருக்கம்தான் மிச்சம். இவற்றைக் குப்பை என்று எல்லோரும் தூக்கிப் போட்ட காலத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்து வைத்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் அவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்க ஏற்பாடு செய்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது அப்படி. அஞ்சல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பாஸ்கரன் 1998 முதல் 2001 வரை அந்த நூலகத்தின் இயக்குநராக இருந்தார். காகிதத்தைத் தேடிப் போனவர் காகிதத்தைக் காப்பவராக அமர்ந்த அந்த மூன்று வருடங்கள் அவர் வாழ்க்கையின் மிகப் பொருத்தமான பகுதி என்று எனக்குத் தோன்றும்.

1996-ல் வந்த 'தி ஐ ஆஃப் த சர்ப்பென்ட்' அவருக்குச் சினிமா நூலுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. தமிழில் 'எம் தமிழர் செய்த படம்' உள்ளிட்ட நூல்கள் வந்தன. சினிமாவுக்கு இணையாகக் காடு, பறவை, நாய் இனங்கள் பற்றியும் எழுதி வந்திருக்கிறார். அவருக்கு 2013-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கியது. பட்டியலை இத்துடன் விடுகிறேன், நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அவருடைய அடிப்படை நூல்கள் முதலில் ஆங்கிலத்தில் வந்தன. ஆகவே, யாருடைய பாட்டியும் தாத்தாவும் அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்திருந்தார்களோ, அந்தத் தமிழ் வாசகருக்கு அவை நேரடியாகக் கிடைக்கவில்லை. இன்னும் நம் பத்திரிகைகளில் கிசுகிசுவும் நினைவலைகளும் வரலாறு என்ற பெயரில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள்.

தொடக்கத்தில் பெயர் சொன்னவர்களில் இன்னும் இருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் கட்டுரை எழுதிப் பெரிய வாதம் எதையும் வைத்தவர் அல்லர். படம் படமாக, வெளியான தேதி, தயாரிப்பாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் என்று தனி மனிதராகச் சேர்த்தார். அரசு அவருடைய தொகுப்பை வாங்கியது. 2004-ல் அவருடைய 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' வந்தது. இன்று இணையத்தில் பழைய படங்களைப் பற்றிக் கிடைக்கும் விவரங்களின் வேரைத் தோண்டினால் பல இடங்களில் அவர் கை தென்படும். ராண்டார் கையின் பாணி வேறு. அவர் கதை சொல்லி. சினிமாப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கையும் பழைய படங்களின் பின்னணியையும் ஆங்கிலப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதி, அந்தக் காலத்தை இளைய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தினார். படிக்க இனிமை. ஆனால் அவர் சொல்லும் சம்பவத்துக்கு எங்கே சான்று என்று பல இடங்களில் தேட வேண்டியிருக்கும். அவர் எழுதியதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அதே செய்தியைச் சமகாலப் பத்திரிகையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது என் வழக்கம்.

நாடகக்காரர்களே எழுதியவற்றையும் விட்டுவிடாதீர்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டும் இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் நிற்காது. முதலியார் வசதியான சபா நாடகத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். சண்முகம், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து அடியும் பசியும் பார்த்தவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே காலம் இரண்டு நாடாகத் தெரியும். இவற்றோடு, திவான் பகதூர் ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் நடந்த இந்தியத் திரைப்படக் குழுவின் சாட்சியத் தொகுதிகளையும் படியுங்கள். நூறாண்டுக்கு முந்தைய கொட்டகைக்காரர்களும் படம் எடுத்தவர்களும் கேள்விக்குக் கேள்வி பதில் சொல்வதை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரு சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலையோ, வங்கியோ, அரசுத் தேர்வோ, எதுவானாலும் சரி. எழுத்து சோறு போட வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் நடிகரின் வாழ்க்கை வரலாற்றைக் குடும்பம் விரும்பும்படி எழுதும் நிலை வரும். அப்படி எழுதப்பட்ட நூல்கள் நம்மிடம் ஏராளம். பாஸ்கரனுக்கு எந்தத் தயாரிப்பாளரின் தயவும் வேண்டியிருக்கவில்லை என்பதை அவருடைய எழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் உணரலாம்.

'தமிழ் சினிமாவின் வரலாறு' என்று தொடங்காதீர்கள். உங்கள் ஊரின் ஒரு கொட்டகையில் தொடங்குங்கள். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்த ஒரு மனிதர் போன பாதையைப் பின்தொடர்ந்தாலே ரயில், மின்சாரம், ஆலைத் தொழிலாளர், மாலை நேர ஓய்வு என்று கொங்கு நாட்டின் பாதி வரலாறு வந்து சேரும். சென்னையில் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவு இயங்கும் சிறிய பழைய கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1913-ல் வார்விக் மேஜர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. சில வருடங்களில் அஞ்சல்துறை வாங்கிவிட்டது, அதனாலேயே இடிபடாமல் நிற்கிறது. உள்ளே போய் நின்று பாருங்கள். எவ்வளவு சிறிய இடத்தில் அந்தக் காலத்துப் பட்டணம் படம் பார்த்தது என்று உடம்புக்குத் தெரியும்.

தாமதம் மட்டும் செய்யாதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு, டூரிங் டாக்கீஸ் நடத்திய ஒருவரின் வீட்டில் நாற்பது வருடக் கணக்கு நோட்டும் நோட்டீஸும் விநியோகஸ்தர் கடிதங்களும் ஒரு தகரப் பெட்டி நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடியட்டும் என்று இருபது நாள் தள்ளிப்போட்டுப் போனேன். வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்காகப் பெட்டியைக் காலி செய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தார்கள். கடைக்கு ஓடினேன், லாரி போய்விட்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு இளஞ்சிவப்பு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். தரை டிக்கெட் ஓரணா என்று அதில் இருக்கிறது.

உங்கள் ஊரின் பழைய கொட்டகைக்காரர் குடும்பம் இன்னும் அங்கேயே இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கதவைத் தட்டுங்கள். காகிதத்தை வாங்கிக்கொள்ளக் கேட்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெட்டி யார் பெயரில் இருக்கிறது, அடுத்து வெள்ளையடிப்பது எப்போது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.